இறங்கும் அந்த அரை மணி நேரம்

திருச்சி விமான நிலையத்தின் புறப்பாடு வாசலில் நின்ற பாதுகாப்புப் படை வீரர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "பேபியோடது?" என்று கை நீட்டினார். ஏழு மாதக் குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். அதிலுள்ள படத்துக்காக மூன்று நாள் ஸ்டுடியோவுக்கு நடந்தோம். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் படம் எடுப்பதில்லை. வெள்ளைப் பின்னணியில் எடுத்த படத்தை நாமே கொண்டுபோக வேண்டும். அப்பாவின் வெள்ளை வேட்டியை விரித்து அதில் கிடத்தி, கன்னத்துத் திருஷ்டிப் பொட்டைத் துடைத்து, அவள் கண் விழித்து நேராகப் பார்க்கும் நொடிக்காகக் காத்துக் கிடந்தோம். பொட்டைத் துடைத்ததில் அம்மாவுக்கு மனசே ஆறவில்லை.

அந்த அம்மாவை இப்போது வாசலோடு நிறுத்திவிட்டார்கள். பயணச்சீட்டு இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். தாய்வீட்டுப் பிரசவம் முடிந்து, கணவர் வேலை பார்க்கும் சிங்கப்பூருக்கு நானும் மகளும் மட்டும் திரும்புகிறோம். "அரைஞாண் கொடிய அவுக்கச் சொன்னா அவுக்காதடி" என்பதுதான் அம்மா கடைசியாகச் சொன்னது.

2024 ஜனவரி 2-ஆம் தேதி பிரதமர் திறந்துவைத்த புதிய முனையம் இது. கோபுரச் சாயலில் முகப்பு, உள்ளே சுவரெங்கும் வண்ணம். மகள் கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்தாள். எனக்குப் பார்க்க நேரமில்லை. கைக்குழந்தை இருந்தால் பெரும்பாலும் செக்-இன் கவுன்டருக்கே போக வேண்டும். இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு இருக்கை கிடையாது, மடிதான். நான் ஜன்னலோரம் கேட்டு வாங்கினேன். எழுந்து போக நடைவழி இருக்கை வசதி என்பார்கள். ஆனால் பால் கொடுக்கிறவளுக்கு ஒரு பக்கமாவது சுவர் வேண்டும்.

பாதுகாப்புச் சோதனையில்தான் கை பற்றாமல் போனது. தள்ளுவண்டியை மடக்கி எக்ஸ்ரே பட்டையில் ஏற்ற வேண்டும், தூக்குப்பையிலிருந்து குழந்தையை வெளியே எடுக்க வேண்டும், போன், செருப்பு, பை எல்லாம் தனித்தனித் தட்டில். ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு எதைச் செய்வது? பின்னால் நின்ற தம்பி, கட்டட வேலைக்குப் போகிறவர், "அக்கா, நீங்க பாப்பாவப் பாருங்க" என்று தட்டுகளை வாங்கிக்கொண்டார். வெந்நீர் பிளாஸ்க்கை எடுத்துத் தனியே வைத்தார்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதியிலிருந்து, வழிக்குத் தேவையான குழந்தை உணவுக்கு விலக்கு உண்டு. அதைச் சொன்னதும் விட்டுவிட்டார்கள். திரைக்குப் பின்னால், பெண் காவலர் கையிலிருந்த கருவி மகளின் இடுப்பருகே வந்ததும் கத்தியது. சட்டையைத் தூக்கினார். வெள்ளிக் கொடி. இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். 'கர்தனி' என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. அவர்கள் ஊரிலும் கட்டுவார்கள் போலிருக்கிறது. கொடியை அவிழ்க்கச் சொல்லவில்லை.

பாலூட்டும் அறையில் ஒரு நாற்காலி, மாற்றுமேசை, தாழ்ப்பாள். போதும். 2015 ஆகஸ்டில் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் இப்படி அறைகள் திறந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கடந்துபோனேன், அவ்வளவுதான். தடுப்பூசிக்கு இவளைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூருக்குப் போய்வந்த நாள்களில்தான் உள்ளிருந்து போடும் ஒரு தாழ்ப்பாள் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தது.

விமானத்தில் குழந்தைக்காரர்களை முதலில் ஏற்றினார்கள். தனியாகப் போகிறவள் அதைத் தவறவிடக் கூடாது. பை வைக்க மேலே இடம் கிடைக்கும். பெரிய விமானங்களில் முன்வரிசைச் சுவரில் மாட்டித் தருகிற தொட்டில் இதில் இல்லை. பணிப்பெண் ஒரு சின்ன பெல்ட்டைக் கொண்டுவந்து என் பெல்ட்டில் கோத்து மகளின் இடுப்பில் மாட்டினார். தூக்குப்பைக்குள் வைத்தபடி புறப்படக் கூடாதாம், மடியில்தான் இருக்க வேண்டும்.

அப்போது பின்வரிசையிலிருந்து, ஐந்து மாதக் குழந்தையோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தார். "நாம ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்துக்கலாமா?" எனக்கும் ஆசைதான். பணிப்பெண் முடியாது என்றார். எங்கள் மூன்று இருக்கைகளுக்கு மேலே நான்கு ஆக்சிஜன் முகமூடிகள்தான் இருந்தன. நான்காவது, மடிக்குழந்தைக்கு. இரண்டு குழந்தைகள் ஒரே வரிசையில் ஒரே பக்கம் இருந்தால் ஒன்றுக்கு முகமூடி இருக்காது. காரணம் தெரிந்த பிறகு கேட்க என்ன இருக்கிறது?

ஏறும்போது மகள் ஒன்றும் செய்யவில்லை. புறப்படும் முன்பு எங்கள் குழந்தை மருத்துவர் சொன்னது இதைத்தான்: ஏற்றத்தைவிட இறக்கம் பொல்லாதது. நடுக்காதுக்கும் மூக்கின் பின்புறத்துக்கும் இடையே யூஸ்டேஷியன் குழாய் என்று ஒன்று இருக்கிறது. விமானம் முப்பதாயிரம் அடிக்கு மேல் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தத்தை அதிகபட்சம் 8,000 அடி உயரத்துக்கு இணையாக வைத்திருப்பார்கள். ஏறக்குறைய ஊட்டியின் காற்று. ஏறும்போது காதுக்குள் இருக்கும் காற்று விரிந்து தானாக வெளியேறிவிடும். இறங்கும்போது வெளியழுத்தம் கூடிச் செவிப்பறையை உள்ளே அமுக்கும், குழாய் திறந்து காற்றை உள்ளே விட்டால்தான் வலி நிற்கும். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது நாம் எச்சில் விழுங்குகிறோமே, அதே சங்கதி. குழந்தைக்கு அந்தக் குழாய் குட்டையாக, குறுகலாக, கிடைவாட்டில் இருக்கிறது; நம்மைப் போல வேண்டுமென்றே விழுங்கத் தெரியாது, சொல்லவும் தெரியாது. "அதனால் இறங்கும்போது பால் குடிக்க வையுங்கள். தூக்க மருந்து எதுவும் வேண்டாம். சளி இருந்தால் காதைப் பார்க்காமல் போகாதீர்கள்" என்றார். ஓம வாட்டர் முதல் வசம்பு வரை அம்மா பையில் கட்டிவைத்திருந்தும், நான் எடுத்துவந்ததில் மிகவும் பயன்பட்டது இந்த மூன்று வரிதான்.

நடுவானில் அதிகம் சொல்ல இல்லை. கழிப்பறைச் சுவரில் மடித்திருந்த பலகையை இறக்கி டயபர் மாற்றினேன். கால் முழம் இடத்தில் அதுவும் ஒரு வித்தைதான். உள்காற்று வறண்டது, அதனால் அடிக்கடி பால் கேட்டாள். பக்கத்தில் இருந்த தம்பி, அதே தம்பி, தன் போனில் ஒரு குழந்தையைக் காட்டினார். "எம் பொண்ணு. ஒன்பது மாசம். பதினஞ்சு நாள்தான் தூக்கியிருக்கேன்." மகள் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள். அவர் ரொம்ப நேரம் கையை எடுக்கவே இல்லை.

இறங்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பே சொல்லுங்கள் என்று பணிப்பெண்ணிடம் கேட்டிருந்தேன். மறக்காமல் வந்தார். தூங்குகிற பிள்ளையை எழுப்பக் கூடாது என்று வளர்ந்தவள் நான், எழுப்பினேன். துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு பால் கொடுத்தேன். முகத்தைச் சுளித்தாள், திருப்பினாள், பிறகு பிடித்துக்கொண்டாள். தொண்டை ஏறி இறங்குவதை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பின்வரிசைக் குழந்தை வீறிட்டது. பால்பவுடரைக் குறைந்தது 70 டிகிரி சூட்டு வெந்நீரில் கலக்கித்தான் ஆறவைக்க வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். அந்தப் பெண் இறக்கம் தொடங்கிய பிறகுதான் வெந்நீர் கேட்டிருக்கிறார். பாட்டில் இன்னும் கொதிக்கிறது. பெல்ட் விளக்கு எரிகிறது, எழுந்திருக்கவும் முடியாது. யாரோ உச்சுக்கொட்டினார். இன்னொருவர், "கொஞ்சம் சமாதானப்படுத்தக் கூடாதா?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை மறைக்கவில்லை. "பிள்ளைக்குக் காது வலிக்குதுங்க. அடம் பிடிக்கல" என்று சத்தமாகவே சொன்னேன். பிறகு இருக்கை இடுக்கு வழியாக அந்தப் பெண்ணிடம், "பால் ஆறுற வரைக்கும் உங்க விரலச் சப்பக் குடுங்க. விழுங்கினா போதும்" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு கொடுத்தார். அழுகை உடனே நிற்கவில்லை. விட்டுவிட்டு வந்தது, இடைவெளி கூடிக்கொண்டே போனது. நடைவழி இருக்கைக்காரர் பாட்டிலை வாங்கித் தன் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த கைக்குட்டையைச் சுற்றி ஆற்றினார். சக்கரம் தரையைத் தொட்டபோது அந்தக் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. உச்சுக்கொட்டியவர்தான் இறங்கும்போது அவர்கள் பையை மேலிருந்து எடுத்துக்கொடுத்தார்.

சாங்கி விமான நிலையத்தில் குடும்பங்களுக்கான வரிசையில் நின்றபடி அம்மாவுக்கு போன் போட்டேன். இங்கே காலை எட்டு, அங்கே ஐந்தரை. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"கொடிய அவுக்கச் சொன்னாங்களாடி?"

"இல்லம்மா."

"பொட்டு இருக்கா?"

மகளைப் பார்த்தேன். பாலும் வியர்வையும் பட்டுக் கன்னம் முழுக்க ஈஷியிருந்தது.

"இருக்கும்மா."

"சரி, போனை வை. மாப்பிள்ளை வெளிய நிப்பாரு."