வழியனுப்ப வந்தவர்கள்

ஒரே ஒரு சின்னப் பெட்டி. பிள்ளையே தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். நகைநட்டு கூடாது, பத்து மார்க்குக்கு மேல் பணமும் கூடாது. 1938 டிசம்பர் தொடங்கி 1939 செப்டம்பர் வரை பெர்லினிலும் வியன்னாவிலும் பிராகிலும் யூதத் தாய்மார்கள் இப்படியொரு பெட்டியை அடுக்கினார்கள். வளரும் பிள்ளையாயிற்றே என்று ஓர் அளவு பெரிய உடுப்பாக எடுத்து வைத்தவர்களும் உண்டு. அடுத்த அளவை வாங்கித்தரத் தாங்கள் இருப்போமா என்ற சந்தேகம் அப்போதே வந்திருக்கும்.

1938 நவம்பர் 9-ஆம் தேதி இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் நாஜிகள் யூதத் தொழுகைக்கூடங்களைக் கொளுத்தினார்கள். சுமார் 30,000 யூத ஆண்களை வதைமுகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். அதன் பிறகுதான் பதினேழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மட்டும் ஏற்க பிரிட்டன் சம்மதித்தது. கிண்டர்டிரான்ஸ்போர்ட் என்ற அந்த ஏற்பாட்டில் சுமார் 10,000 பேர் தப்பினார்கள். பெற்றோருக்கு அதில் இடமில்லை.

பெர்லினில் ரயிலடி வரை வந்த பெற்றோரை நடைமேடைக்குள் விடவில்லை. காத்திருப்பு அறையிலேயே கட்டியணைத்து, "நீ போ, பின்னாலேயே வந்துவிடுகிறோம்" என்று சொல்லி அனுப்பினார்கள். கழுத்தில் எண் எழுதிய அட்டையோடு பிள்ளைகள் ரயிலேறினார்கள். அந்தச் சொல்லை நம்பித்தான் பெரும்பாலோர் கப்பலேறி ஹார்விச் துறைமுகத்தில் இறங்கினார்கள்.

நம்பிச் சும்மா இருந்துவிடவும் இல்லை. வீட்டுவேலைக்கு ஆள் வேண்டுமென்று யாராவது எழுதிக் கொடுத்தால் பெரியவர்களுக்கும் விசா கிடைக்கும் என்று தெரிந்ததும், சில பிள்ளைகள் அரைகுறை ஆங்கிலத்தோடு ஊரில் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். அம்மா நன்றாகச் சமைப்பார், அப்பா தோட்டவேலை பார்ப்பார், வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டார்கள். அந்த அப்பா சொந்த ஊரில் வக்கீலாகவோ வைத்தியராகவோ இருந்திருப்பார். சிலருக்கு விசா கிடைத்தது. பலருக்குக் கிடைப்பதற்குள் போர் மூண்டுவிட்டது.

நேரடித் தபால் நின்றது. செஞ்சிலுவைச் சங்கத்தின் படிவம் மட்டும் மிஞ்சியது. அதில் 25 சொற்களுக்கு மேல் எழுதக் கூடாது. பதில் வர மாதக்கணக்காகும். சாப்பிட்டாயா, தூங்கினாயா, குளிருக்குப் போர்த்திக்கொள்கிறாயா என்று கேட்கும் ஒரு தாய்க்கு 25 சொல் எந்த மூலைக்கு? பிறகு, பயணம் கிளம்புகிறோம் என்பதுபோல் ஒரு வரி சிலருக்கு வந்தது. அதன்பின் கடிதமே இல்லை.

போர் முடிந்த பிறகும் பலரால் பெற்றோரை மறுபடி பார்க்க முடியவில்லை. பார்த்தவர்களிலும் ஜெர்மன் மறந்துபோய், பெற்ற தாயோடு பேசவே இன்னொருவர் துணை தேடியவர்கள் இருந்தார்கள். மற்றவர்கள் அந்த வீட்டை, அந்தத் தெருவை, கதவருகே நின்ற அந்த முகங்களை முதுமைவரை நினைத்து நினைத்து ஏங்கினார்கள். திரும்பிப் போய்ப் பார்த்தவர்களுக்குச் சில ஊர்களில் தெரு இருந்தது, வீடுகூட இருந்தது. கதவைத் திறந்தது வேறு யாரோ.

பத்தாயிரம் உயிரைக் காத்தது பெருங்காரியம், மறுப்பதற்கில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைகளுக்கு அனுமதி கொடுத்த அரசு, நினைத்திருந்தால் தாய் தகப்பனுக்கும் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அகதிக்குக் கதவு திறக்கும் எந்த நாடும் குடும்பத்தோடு சேர்த்தே உள்ளே விட வேண்டும்.