ருசி பார்க்காமல் ஒரு சமையல்

என்னிடம் ஒரு கையெழுத்துப் பிரதி வந்து சேர்ந்திருக்கிறது. மூன்றங்குலத்துக்கு ஐந்தங்குல அட்டை. நீல மை. மொத்தம் ஐந்து வரிகள். குட்டி ஸாஸேஜ் 2 பாக்கெட். திராட்சை ஜெல்லி 1 ஜாடி. சில்லி ஸாஸ் 1 பாட்டில். குறைந்த சூட்டில் வை. மூடியைத் திறந்து திறந்து பார்க்காதே. ஓரத்தில் வேறு மையில், பிற்காலச் சேர்க்கையாக, "அதிகம் செய்" என்றிருக்கிறது. மூலம் ஆங்கிலம், தமிழ் என்னுடையது. எழுதியவர் என் பெண்ணின் மாமியார்.

ஒஹையோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து அங்கேயே வாழ்ந்து, சென்ற வருஷம் மார்ச்சில் அங்கேயே காலமானார் சம்பந்தி அம்மாள். ஒவ்வொரு டிசம்பர் 31 இரவும் அவர் வீட்டில் முப்பது பேர் கூடுவார்கள். நுழைந்ததும் கைக்கெட்டும் இடத்தில் பச்சை நிறப் பானை ஒன்று இருக்கும். அதற்குள் இந்த ஸாஸேஜ் துண்டங்கள் கருஞ்சிவப்புக் குழம்பில் மிதந்துகொண்டிருக்கும். பல்குச்சியால் குத்தி எடுத்து, நின்றபடியே தின்பார்கள். அவர் இல்லாத முதல் டிசம்பருக்குக் கூட்டம் என் பெண் வீட்டுக்கு மாறியது. பானையும் அட்டையும் ஏற்கெனவே இங்கு வந்துவிட்டிருந்தன. மாப்பிள்ளை டிராயரைத் திறந்து அட்டையைப் பார்த்தார்; ஒன்றும் சொல்லாமல் மூடினார். பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டி. அவள் பார்வை என்மீது விழுவதற்குள்ளேயே, "விட்டுருங்கப்பா, கடையில ஏதாவது வாங்கிக்கிடலாம்" என்றாள். நான் செய்கிறேன் என்றேன்.

நான் மாமிசம் தின்பதில்லை. திருநெல்வேலிச் சைவப் பிள்ளை வீடு. கொள்கை என்று பெரிதாக ஒன்றுமில்லை. நாக்குக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். இந்தப் பழக்கத்தின் மேல் நம் ஊரில் என்னென்ன கட்டி எழுப்பியிருக்கிறார்கள், எந்தெந்தக் கதவுகளைச் சாத்தியிருக்கிறார்கள் என்பது தெரியாதவனல்ல. அதனாலேயே அதைப் பெருமையாகவும் சொல்ல முடியவில்லை, உதறிவிட்டதாகப் பாவனை செய்யவும் முடியவில்லை.

பிரதிக்கு வருகிறேன். பதிப்பாசிரியர்கள் படும் பாடு அன்று காலை கடையில் எனக்குப் புரிந்தது. 'ஒரு ஜாடி' என்றால் எந்த ஜாடி? அலமாரியில் நாலு அளவில் நிற்கிறது. 'பாக்கெட்' என்று அவர் எழுதிய காலத்தில் ஒரு பவுண்டு, அதாவது 16 அவுன்ஸ், இருந்திருக்கலாம். என் கைக்கு வந்ததில் 14 அவுன்ஸ்தான், நானூறு கிராமுக்குக் கொஞ்சம் கீழே. விலையை ஏற்றுவதற்குப் பதில் எடையைக் குறைப்பது வியாபாரிகளின் உலகப் பொது மொழி. அப்புறம் இந்தச் சில்லி ஸாஸ். தமிழ்க் காது இதைக் கேட்டதும் கண்ணில் நீர் வரத் தயாராகிவிடும். ஆனால் அமெரிக்கக் கடையில் அந்தப் பெயரில் விற்பதில் மிளகாய் பெயரளவுக்கே. தக்காளி, வினிகர், சர்க்கரை, வெங்காயம், பூண்டு. கெச்சப்பைக் கொஞ்சம் கரகரப்பாக அரைத்துவிட்டாற்போல இருக்கும். 12 அவுன்ஸ் பாட்டில். இதற்குச் சமமாக ஜெல்லி என்று வைத்துக்கொண்டால் புளிப்பும் இனிப்பும் ஒன்றையொன்று அடித்துவிடாது என்று தர்க்கம் சொன்னது. சின்ன ஜாடியை எடுத்துக்கொண்டேன்.

மூன்றே பொருள், ஒரு பானை, ஒரு ஸ்விட்ச். இதற்குச் சமையல் என்ற பெயரைத் தரலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. என் மதுரை நண்பரே கேட்டார். அவரிடம் பிறகு வருகிறேன். அதற்குமுன் அந்த மூன்று பொருளும் எங்கிருந்து வருகின்றன என்று பார்க்க வேண்டும்.

திராட்சை ஜெல்லியின் அந்தக் கருநீலம் கன்கார்ட் என்ற திராட்சையின் தோல். மாஸசூஸெட்ஸில் கன்கார்ட் ஊரில் எஃப்ரெயிம் புல் என்பவர் 1849இல் விதையிலிருந்து வளர்த்துத் தேர்ந்தெடுத்த ஜாதி. அதே ஊரில்தான் 1845இல் தோரோ வால்டன் குளத்தங்கரையில் குடிசை போட்டார். புல்லின் வீட்டுக்கு ஹாதார்ன் அண்டை வீட்டுக்காரர். அமெரிக்க இலக்கியம் பேசும்போது கன்கார்டைப் பற்றி நாம் எவ்வளவோ பக்கம் எழுதியிருக்கிறோம். வேலிக்கு அந்தப்புறம் ஒருவர் கொடி நட்டுக்கொண்டிருந்தது யார் கட்டுரையிலும் இல்லை. கன்றுகளை மற்றவர்கள் வாங்கிப் பெருக்கிப் பணம் பண்ணினார்கள். புல் ஏழையாகச் செத்தார். விதைத்தவன் தான், அறுத்தது பிறர் என்று அவர் கல்லறையில் பொறித்திருக்கிறது. தோரோவும் எமர்ஸனும் கிடக்கும் அதே இடுகாடு. பிறகு 1869இல் நியூ ஜெர்ஸியில் வெல்ச் என்ற பல் வைத்தியர், மெதடிஸ்ட், மதுவிலக்குப் பற்றாளர், இந்தத் திராட்சையின் சாற்றைப் புளிக்காதபடி சூடுபடுத்திப் பாட்டிலில் அடைத்தார். கோயில் நற்கருணையில் மதுவுக்குப் பதிலாக. இன்று அவர் பெயருள்ள ஜெல்லியில் வெந்த பண்டத்தை ஒரு கையிலும் பீர் பாட்டிலை மறு கையிலும் வைத்துக்கொண்டு புது வருஷத்தை வரவேற்கிறார்கள். சரித்திரத்துக்கு ஹாஸ்ய உணர்வு கிடையாது என்று யார் சொன்னது?

பானையின் கதை இதைவிட விசித்திரம். சிகாகோ எஞ்சினியர் ஆர்விங் நாக்ஸன் இதற்கு 1940இல் காப்புரிமை பெற்றார். அவருடைய தாய் வில்னா நகரத்து இளமைக் காலத்தைப் பற்றிச் சொன்னதிலிருந்துதான் யோசனை பிறந்தது என்கிறார்கள். யூதர்கள் சனிக்கிழமை ஓய்வு நாளில் அடுப்பு மூட்டக்கூடாது. ஆகவே வெள்ளி மாலை இறைச்சியும் பயறும் போட்ட சோலண்ட் பானையை ரொட்டிக் கடைக்கு எடுத்துப் போவார்கள். அன்றைய வேலை முடிந்து அணையும் அடுப்பின் மிச்சச் சூட்டில் அது மறுநாள் வரை கிடந்து வேகும். அந்த மிச்சச் சூட்டைத்தான் நாக்ஸன் மின்சாரக் கம்பியாகச் சட்டியைச் சுற்றிக் கட்டினார். 1970இல் கான்ஸாஸ் ஸிட்டியின் ரைவல் கம்பெனி அவர் வியாபாரத்தை வாங்கி, 1971இல் கிராக்பாட் என்று பெயர் சூட்டிச் சந்தைக்கு விட்டது. பெண்கள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம். சமைக்கிறவள் வெளியே போயிருந்தாலும் நாளெல்லாம் சமைக்கும் என்பது விளம்பரத்தின் சாரம். வில்னாவிலிருந்து கிளம்பியது ஒஹையோ வந்து பன்றி ஸாஸேஜை வேக வைக்கிறது. இதை அபசாரம் என்றும் சொல்லலாம். பாத்திரங்களுக்கு மதம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

சம்பந்தி அம்மாளின் பானை 1972இல் கல்யாணப் பரிசாக வந்தது. அவகாடோ பச்சை. கழற்றக்கூடிய உள்சட்டி 1974க்குப் பிறகுதான் வந்தது. இதில் சட்டியும் உறையும் ஒன்றே. தொட்டியில் முக்கிக் கழுவ முடியாது. இதே காரணத்துக்காகப் பல வீடுகளில் இந்தப் பழைய பானைகளைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். அவர் ஈரத் துணியால் துடைத்துத் துடைத்தே ஐம்பது வருஷம் வைத்திருந்தார். எங்கள் வீட்டுக் கல்சட்டி நினைவுக்கு வந்தது. கும்முட்டியிலிருந்து இறக்கிய பிறகும் அரை மணி நேரம் குழம்பு அதில் கொதித்துக்கொண்டிருக்கும். கல் சூட்டை விடாது. கும்முட்டிக் கரியில் பால் சுண்டுவதை, கல்யாணத்துக்கு மறுநாள் சுண்டக் குழம்பு அடுப்போரம் கிடப்பதை எல்லாம் பார்த்தவனுக்கு இந்தப் பானை அன்னியமில்லை.

அட்டை எல்லாவற்றையும் ஒன்றாகப் போடச் சொல்கிறது. நான் ஒரு இடத்தில் விலகினேன். பகல் இரண்டு மணிக்கு ஜெல்லியையும் ஸாஸையும் மட்டும் போட்டு ஸ்விட்சைத் திருப்பினேன். முதலில் அது பார்க்கச் சகிக்காது. சிவப்பின் மேல் ஊதாக் கட்டிகள் விறைத்துக்கொண்டு நிற்கும். கிண்டினாலும் கலக்காது. சூடு அடியிலிருந்து வராமல் பக்கவாட்டிலிருந்து வருவதால் ஓரங்கள் முதலில் இளகும். நடுக் கட்டி கடைசி வரை வீம்பு பிடிக்கும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டும் அடையாளம் தெரியாமல் ஒன்றாகியிருந்தன. கரண்டி நுனியில் எடுத்து நாக்கில் வைத்தேன். வினிகர் முன்னால், திராட்சை பின்னால். எனக்குத் தெரிந்த ருசி.

தெரிந்தது எப்படி என்றால், வருஷா வருஷம் சம்பந்தி அம்மாள் எனக்காகத் தனிக் கிண்ணம் வைப்பார். அதே குழம்பு, உள்ளே குட்டி உருளைக்கிழங்கு. எனக்குப் பச்சைக் காகிதம் சுற்றிய பல்குச்சி, மற்றவர்களுக்குச் சிவப்பு. தப்பித் தவறி யாராவது சிவப்புக் குச்சியை என் கிண்ணத்தில் போட்டுவிட்டால் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக எடுத்து வருவார். எங்கள் இருவருக்கும் பேச்சு அதிகம் கிடையாது. அவருடைய வேக ஆங்கிலம் எனக்குப் பாதி விளங்கும். என் புத்தக ஆங்கிலம் அவருக்கு அதுவும் விளங்காது. ஏன் தின்பதில்லை என்று அவர் ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. என் சாப்பாட்டைப் பற்றி விளக்கம் கேட்காத ஒரே மனுஷி அவர்தான்.

ருசி பார்த்தாயிற்று, கரண்டியைக் கழுவி வைத்தாயிற்று. பிறகு பாக்கெட்டைக் கத்தரித்துக் கொட்டினேன். ஏற்கெனவே புகையிட்டு வெந்தவை, பச்சை இறைச்சியல்ல. பானையின் வேலை சூடேற்றுவதும் குழம்பை உள்ளே இறக்குவதும்தான். விரல் நீளம்கூட இல்லை. குளிர்ந்து, வழவழவென்று கையிலிருந்து நழுவின. விறகுப் புகை வாசனை. அருவருப்பு வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. மூடியை வைத்தேன். இதற்கு மேல் ருசி பார்க்க எனக்கு வழியில்லை. எங்கள் வீட்டில் நைவேத்யத்துக்குச் சமைக்கும்போது அம்மா உப்புப் பார்க்கமாட்டாள், கை அளவுதான். உண்ணப் போகிறவர் வேறு, சமைக்கிறவளின் நாக்குக்கு அங்கே வேலை இல்லை. மூன்று மணி நேரம் கண்ணாடி மூடிக்குள் நீர் முத்து சேர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திறந்தால் சூடு போய்விடும், திரும்ப ஏற இருபது நிமிஷமாவது பிடிக்கும். அட்டையின் ஐந்தாம் வரி அனுபவத்தில் எழுதியது.

இந்த இடைவெளியில் இரண்டு டெலிபோன். முதலில் அண்ணன், பாளையங்கோட்டையிலிருந்து. என்ன செய்கிறாய் என்றார், சொன்னேன். "ஏல, கையால தொட்டியா?" என்றார். அதற்கப்புறம் மௌனம். பிறகு மதுரை நண்பர். விமர்சகர், மாமிசம் அவருக்குப் பிரச்னையே இல்லை, சமபந்தி என்று மேடையேறியவர். அவர் சிரித்தார். "திராட்சை ஜெல்லியா? தக்காளி ஸாஸோடவா? ஏன்யா, இவ்வளவு படிச்சும் உமக்கு ரசனையே கிடையாதா?" என்றார். டப்பியில் அடைத்த அமெரிக்கக் கீழ்த்தர ருசி, தொழிற்சாலைச் சமையல், வணிகப் பத்திரிகைத் தொடர்கதையின் சமையலறை வடிவம் என்றெல்லாம் அழகாகச் சொன்னார். மறுப்பதற்கில்லை. தொழிற்சாலைதான். டப்பிதான். ஆனால் போனை வைத்த பிறகு எனக்கு அண்ணன் குரலும் நண்பர் குரலும் பிரித்தறிய முடியாமல் கேட்டன. ஒருவருக்குக் கை கெடுகிறது, இன்னொருவருக்கு நாக்கு. சுத்தம் பற்றிய பயம் இடம் மாறியிருக்கிறது, குரல் மாறவில்லை. சிறுபத்திரிகைகளில் நாற்பது வருஷமாக நாம் எழுதிவரும் 'ரசனை' என்ற சொல்லுக்குள் அக்ரஹாரத் திண்ணையும் பிள்ளைமார் தெருக் கதவும் எவ்வளவு மிச்சம் இருக்கின்றன என்று யாராவது நிதானமாகப் பார்க்கலாம். நான் நல்ல கவிதைக்கும் கெட்ட கவிதைக்கும் வித்தியாசம் இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கிறது, அதற்காகச் சண்டையும் போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன். ஒரு பண்டம் யாருடைய கையிலிருந்து யாருடைய கைக்குப் போகிறது என்பதைப் பார்க்காத ரசனை எனக்கு இப்போது போதவில்லை.

ஏழு மணிக்கு வரத் தொடங்கினார்கள். கோட்டுகளைக் கழற்றும்போதே மணத்தை முகர்ந்துவிட்டார்கள்; ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. முதலில் எடுத்தது சம்பந்தி அம்மாளின் தங்கை. மென்றார். அவள் இன்னும் இனிப்பாகச் செய்வாள், பெரிய ஜாடி போடுவாள் என்றார். இல்லை, சின்னது என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா. இருவருக்கும் வாக்குவாதம் முற்றி, எந்த வருஷம், எந்தக் கடை, மூடியின் நிறம் என்ன என்று போயிற்று. அவர் செத்த பிறகு அவரைப் பற்றி அந்த வீட்டார் சத்தமாகப் பேசி நான் கேட்டது அன்றுதான். ஜாடி விவகாரம் தீரவில்லை. இரண்டு பாக்கெட்டும் ஒன்பது மணிக்குள் தீர்ந்துவிட்டது. "அதிகம் செய்" என்ற சேர்க்கை இடைச்செருகல் அல்ல, மூலத்தைச் சேர்ந்ததே என்று முடிவு செய்துகொண்டேன்.

எனக்கு உருளைக்கிழங்கை என் பெண் வேக வைத்திருந்தாள். பச்சைக் குச்சி கடையில் கிடைக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு மாப்பிள்ளை பானையைக் கழுவ எடுத்தார். குழாயடிக்குக் கொண்டுபோகப் போனவரைத் தடுத்து, கம்பியில் தண்ணீர் படக்கூடாது என்றேன். தெரியும், அம்மாவும் இதைத்தான் சொல்வாள் என்றார். நான் வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து கொடுத்தேன், அவர் துடைத்தார். விளிம்பில் குழம்பு காய்ந்து கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. நாலு தடவை துணி மாற்ற வேண்டியிருந்தது.