எடை குறைகிறது, வயது குறைவதில்லை

காட்டுப்பாக்கம், ஜூன் 2, திங்கள்

சமைக்காத உணவுக்கு மாறினால் எடை குறையும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகமெல்லாம் அதன்பின் சொல்லப்படும் காரணங்களைப் பற்றித்தான். மவுண்ட்–பூந்தமல்லி சாலையோரத்தில் விடிகாலையில் அருகம்புல் சாறும் வாழைத்தண்டுச் சாறும் விற்கிற வண்டிகளைச் சுற்றி நிற்பவர்களில் நடுவயதைக் கடந்தவர்களே அதிகம். அவர்கள் காதில் விழும் வாக்குறுதிகள் மூன்று: எடை குறையும், மெட்டபாலிசம் வேகமெடுக்கும், வயது பின்னால் போகும். முதலாவது உண்மை. இரண்டாவது தலைகீழ், நீண்ட நாள் பச்சை உணவில் உடலின் எரிப்பு குறையத்தான் செய்யும். மூன்றாவதற்கு ஆதாரம் கிடையாது. அறுபதைத் தாண்டியவர் அதை நம்பி அடுப்பை அணைத்துவிட்டால், முதுமை முன்கூட்டியே வந்து சேரவும் வாய்ப்புண்டு. இந்த வாரமும் அடுத்த வாரமும் இதை ஒவ்வொரு படியாக எழுதிப் பார்க்க வேண்டும்.

நம் ஊருக்கு இது புதிய சங்கதியும் அல்ல. பொதிகை மலையடிவாரத்துச் சிவசைலத்தில் நல்வாழ்வு ஆசிரமம் நடத்திய ராமகிருஷ்ணன், தேங்காயையும் வாழைப்பழத்தையும் முன்னிறுத்திப் பல ஆண்டுகள் இயற்கை உணவைப் பரப்பினார். சென்னை அரும்பாக்கத்தில் யோகா, இயற்கை மருத்துவத்துக்கென்றே அரசுக் கல்லூரி இருக்கிறது. மருந்துக் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்து சலித்தவர்கள், தங்கள் உடம்பைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் இந்தப் பக்கம் வருகிறார்கள். அந்த விருப்பத்தை நான் மதிக்கிறேன். மதிப்பதாலேயே, அவர்களுக்குச் சொல்லப்படும் கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஜூன் 4, புதன்

இந்தியாவில் பச்சை உணவைச் சோதித்தவர்களில் மிகவும் பேர்பெற்றவர் காந்தி. அவர் இரண்டு முறை சோதித்தார். முதல் முறை 1893 ஆகஸ்டில், பிரிட்டோரியாவில், 23 வயதில். ஊறவைத்த கோதுமை, பட்டாணி, அரிசி, உலர்திராட்சை, கொட்டைகள், ஆரஞ்சு என்று ஒவ்வொரு நாளும் தின்றதையும் உடம்பு சொன்னதையும் நாட்குறிப்பாகவே எழுதி வைத்தார். இரண்டு வாரத்துக்குள் நிறுத்திவிட்டார். அடுத்தது 1929. ஆந்திரச் சுற்றுப்பயணத்தில் ராஜமுந்திரியின் சுந்தரம் கோபாலராவ் என்ற இயற்கை வைத்தியரின் தூண்டுதலால், மே 9 அன்று பம்பாயில் தொடங்கினார். முளைகட்டிய கோதுமை 8 தோலா, அரைத்த பாதாம் 8 தோலா, இடித்த கீரை, எலுமிச்சை, தேன். நெருப்புப் பட்டது தண்ணீர் மட்டும். 8 தோலா என்பது ஏறக்குறைய 93 கிராம். அப்போது அவருக்கு வயது 59. ஆகஸ்டில் சீதபேதி வந்தது. சோதனையைக் கைவிட்டு ஆட்டுப்பாலுக்குத் திரும்பினார்.

இதை வைத்துப் பச்சை உணவு தோற்றுவிட்டது என்று முடிவு கட்டுவது நியாயமாகாது. ஒரு மனிதரின் வயிறு ஊருக்கெல்லாம் சாட்சியாகிவிடாது. அது காந்தியின் வயிறாக இருந்தாலும் அப்படித்தான். ஆனால் இதே தராசில் மறுபக்கத்தையும் நிறுக்க வேண்டும். ‘நான் மூன்று மாதத்தில் 10 கிலோ குறைந்தேன், புதுப் பிறவி எடுத்தது போல் இருக்கிறது’ என்று ஒருவர் சொல்வதும் ஒரே ஒருவரின் வயிறுதான். தொடங்கிய சூட்டில் பேசுகிறவர்களின் குரல் ஊருக்கெல்லாம் கேட்கிறது. சத்தமில்லாமல் நிறுத்திவிட்டவர்களின் குரல் கேட்பதில்லை. அதனால் கூட்டமாக அளந்த கணக்குகளுக்குப் போக வேண்டியிருக்கிறது.

ஜூன் 7, சனி

அப்படி அளந்தவற்றில் முக்கியமானது ஜெர்மனியின் கீசென் நகரத்து ஆய்வு. 1999-இல் வெளியானது. தங்கள் சாப்பாட்டில் எழுபது சதவீதமோ அதற்கு மேலோ பச்சையாகவே உண்டவர்கள், ஆண்கள் 216 பேர், பெண்கள் 297 பேர். பச்சை உணவுக்கு மாறி சராசரியாக 3.7 ஆண்டுகள் ஆனவர்கள். ஆண்களுக்குச் சராசரியாக 9.9 கிலோவும் பெண்களுக்கு 12 கிலோவும் குறைந்திருந்தது. எடை குறைப்பு மருந்து விற்பவர்கள் கனவு காண்கிற கணக்கு இது. அதே தாளில் அடுத்த வரிகளையும் வாசிக்க வேண்டும். ஆண்களில் ஏழில் ஒருவரும் பெண்களில் நான்கில் ஒருவரும் இருக்க வேண்டிய எடைக்கும் கீழே போயிருந்தார்கள். 45 வயதுக்கு உட்பட்ட பெண்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு மாதவிடாய் தப்பியிருந்தது அல்லது நின்றே போயிருந்தது. கையில் இருப்பது போதாது என்று தெரிந்ததும் உடல் முதலில் கைவிடும் செலவு இனப்பெருக்கம். அந்த 30 சதவீதம், உடல் பட்டினி என்று புரிந்துகொண்டதற்கான அடையாளம்.

மூன்று வேளையும் வயிறு நிறையத் தின்றும் ஏன் பட்டினி? பச்சைக் கேரட்டையோ கொண்டைக்கடலையையோ நுண்ணோக்கியில் பார்த்தால், சத்து ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் நார்ச்சுவரால் அடைக்கப்பட்டிருப்பது தெரியும். பல் கடித்து உடைத்த அணுக்களின் சத்துதான் எளிதில் சேரும். உடையாதவற்றில் ஒரு பகுதி அப்படியே வெளியேறும். கொதிநீர் அந்தச் சுவர்களைத் தளர்த்துகிறது. மாவுச்சத்து இன்னும் பிடிவாதமானது. பச்சரிசிக்குள் அது இறுக்கமான மணிகளாக இருக்கிறது. வெந்நீரில் நீர் குடித்து உப்பி, உடைந்து, கூழான பிறகே நம் செரிமான நொதிகளுக்கு முழுதாக வசப்படுகிறது. அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2012-இல் முழுப் பாதாமைத் தின்னக் கொடுத்து அளந்தபோது, ஒரு கைப்பிடி, அதாவது 28 கிராம், 129 கலோரிதான் தந்தது; வழக்கமான கணக்குப்படி வர வேண்டியது ஏறக்குறைய 170. முட்டைப் புரதத்தில் வேகவைத்தால் 91 சதவீதமும் பச்சையாகக் குடித்தால் 51 சதவீதமும் செரிக்கிறது என்று பெல்ஜியத்தில் 1998-இல் கண்டார்கள். ஆகவே எடை குறைவதில் மர்மம் எதுவும் இல்லை. உள்ளே போவது குறைகிறது, உள்ளே போனதிலும் உடம்பில் சேர்வது குறைகிறது. எண்ணெய்ப் பலகாரமும் மைதாவும் சீனியும் தாமாகவே விலகிவிடுகின்றன. இந்த மூன்று காரணங்களும் சேர்ந்ததுதான் அந்தப் 10 கிலோ.

‘அடுப்பில்லாச் சமையல்’ என்று பரிமாறப்படுபவையும் நெருப்பைத் தொடாதவை அல்ல. அவல் என்பது நெல்லை ஊறவைத்து, சூடாக வறுத்து, தட்டையாக்கியது. வெல்லம் கொப்பரையில் கரும்புச்சாற்றைக் காய்ச்சி இறக்கியது. பண்ருட்டியிலிருந்து ‘பச்சை’ என்று வரும் முந்திரிப் பருப்புகூட, தோல் புண்ணாகும் ஓட்டு எண்ணெயிலிருந்து பிரிப்பதற்காக ஓட்டோடு அவிக்கப்பட்டோ வறுக்கப்பட்டோதான் வருகிறது. இவற்றைத் தின்று தெம்பாக இருப்பவர்களின் தெம்பில் அடுப்புக்கும் பங்கு உண்டு.

ஜூன் 11, புதன்

இனி மெட்டபாலிசம். ‘முப்பதைத் தாண்டியதும் மெட்டபாலிசம் படுத்துவிடுகிறது, அதனால்தான் தொப்பை’ என்பது எல்லார் வாயிலும் இருக்கிறது. 29 நாடுகளில் பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை 6,400-க்கும் மேற்பட்டோரின் ஆற்றல் செலவைத் தொகுத்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. உடலின் அளவைக் கணக்கில் கொண்டால், 20 முதல் 60 வயது வரை எரிப்பு ஏறக்குறைய ஒரே மட்டத்தில்தான் நிற்கிறது. 60-க்குப் பிறகுதான் ஆண்டுக்கு 0.7 சதவீதம் போலக் குறைகிறது. நாற்பது வயதுத் தொப்பைக்குப் படுத்துவிட்ட மெட்டபாலிசம் காரணம் அல்ல. தட்டும் நாற்காலியும்தான் காரணம். படுக்காத ஒன்றை எழுப்பிவிடுவதாகச் சொல்லிச் சாற்றையும் பொடியையும் விற்பவர்களிடம் இதைக் கேட்க வேண்டும்.

பட்டினியில் எரிப்புக்கு என்ன ஆகும் என்பதும் அளக்கப்பட்டதுதான். 1944–45-இல் மின்னசோட்டாவில் 36 ஆரோக்கியமான இளைஞர்கள் 24 வாரம் அரைப்பட்டினி கிடந்தார்கள். எடையில் கால் பங்கு போனது, ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றல் எடை இழப்பின் விகிதத்தையும் தாண்டிச் சரிந்தது, நாடித்துடிப்பு தளர்ந்தது, கோடையிலும் குளிர்ந்தது. அவர்கள் தின்றது வேகவைத்த உணவுதான்; எரிப்பைச் சரித்தது பட்டினி. பச்சை உணவுக்காரர்கள் சிலர் கை கால் சில்லிடுவதையும் முடி கொட்டுவதையும் ‘உடம்பு நச்சை வெளியேற்றுகிறது’ என்று விளக்குவார்கள். அதைவிட எளிய விளக்கம் இதுதான்: வரவு குறைந்த குடும்பம் விளக்கை அணைத்து வைப்பதுபோல் உடல் செலவைச் சுருக்குகிறது. அது நல்ல சகுனம் அல்ல. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் எடை விறுவிறுவென ஏறுவதற்கும் இந்தச் சுருக்கம் ஒரு காரணம்.

ஜூன் 13, வெள்ளி

முதுமையின் பக்கம் நின்று பார்த்தால், எடை இயந்திரம் முழு உண்மையைச் சொல்வதில்லை என்பது முதலில் புரியும். குறைந்த எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பல்லாத திசு. அதில் கணிசமான பகுதி தசை. முப்பது வயதுக்காரர் அதைத் திரும்பக் கட்டிக்கொள்வார். அறுபத்தைந்து வயதுக்காரருக்கு அது லேசில் திரும்பாது. மாடிப்படி ஏறுவதும், தரையில் உட்கார்ந்து எழுவதும், குளியலறையில் கால் வழுக்கும்போது சுதாரிப்பதும் தசையின் வேலை. இரத்தத்துச் சர்க்கரையை வாங்கி வைத்துக்கொள்ளும் பெரிய கிடங்கும் தசைதான்.

தேங்காயும் வாழைப்பழமும் மட்டும் என்று ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து வாழைப்பழமும் 150 கிராம் தேங்காயும் ஏறக்குறைய 1,500 கலோரி தரும். புரதம் 16 கிராம் அளவில் நிற்கும். ஐசிஎம்ஆர் எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் பரிந்துரைத்தது, ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம். அறுபது கிலோ உள்ளவருக்கு அது 50 கிராம். மூன்றில் ஒரு பங்கில் தசையைக் காப்பாற்ற முடியாது. ஜெர்மன் பச்சை உணவுக்காரர்களைப் பரிசோதித்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில் 38 சதவீதம் பேருக்கு பி12 குறைபாடு இருந்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில், பச்சைத் தாவர உணவு மட்டும் தின்ற 18 பேரின் இடுப்பிலும் முதுகெலும்பிலும் எலும்பின் கனம் குறைந்திருப்பது தெரிந்தது. அவர்கள் உடலில் அழற்சி குறைவாக இருந்ததையும் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழும் முதியவருக்கு அந்த நன்மை கைகொடுக்காது.

ஜூன் 15, ஞாயிறு

மறுப்புகளையும் எடுத்துக்கொள்கிறேன். ‘குறைவாகத் தின்றால் ஆயுள் நீளும் என்று விஞ்ஞானமே சொல்கிறதே?’ மனிதர்களிடம் செய்த முக்கியமான சோதனை, அமெரிக்காவின் ‘கேலரி’. 220 பேர், இரண்டு ஆண்டு, கலோரியில் சராசரியாக 12 சதவீதம் குறைப்பு. இரத்த அணுக்களின் டிஎன்ஏ-வில் வயதாகும் வேகத்தைக் கணிக்கும் ஓர் அளவு 2 முதல் 3 சதவீதம் தணிந்ததாக 2023-இல் சொன்னார்கள். பங்கேற்றவர்கள் ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்கள். சமைத்த உணவைத் தின்றார்கள். வைட்டமினும் கால்சியமும் கூடவே கொடுக்கப்பட்டன. அந்தப் பலனைப் பச்சை உணவின் பேரில் எழுத முடியாது.

‘சர்க்கரை இறங்குகிறதே?’ இறங்குகிறது. பிரிட்டனில் 2017-இல் வெளியான ‘டைரக்ட்’ சோதனையில், எடை குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த சர்க்கரை நோயாளிகளில் 46 சதவீதம் பேர் ஓராண்டில் மருந்தில்லாமல் நோய் தணிந்த நிலைக்கு வந்தார்கள். அவர்கள் முதல் சில மாதம் குடித்தது பாக்கெட் சூப்பும் ஷேக்கும். நெருப்புப் படாத உணவால் அந்தச் சர்க்கரை இறங்கவில்லை. எடை இறங்கியதால் இறங்கியது. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் மருத்துவரிடம் சொல்லாமல் திடீரென உணவைச் சுருக்கினால், சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

‘சமைத்தால் நொதிகள் செத்துவிடுமே?’ காய்கறியின் நொதி காய்கறிக்காகப் படைக்கப்பட்ட புரதம். அதில் பெரும்பகுதி நம் வயிற்று அமிலத்திலேயே சிதைந்துபோகும்; நமக்கு வேண்டியதைக் கணையமும் சிறுகுடலும் சுரக்கின்றன. வைட்டமின் சி சமையலில் குறைகிறது என்பது சரிதான். அதற்கு ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ போதும். மறுபுறம், தக்காளியின் லைகோபீனும் கேரட்டின் கரோட்டினும் எண்ணெயோடு வேகும்போதுதான் நன்றாகச் சேர்கின்றன. மரவள்ளியின் சயனைடு நச்சும் ராஜ்மாவின் நச்சுப் புரதமும் சரியாக வேகவைத்தால்தான் அடங்கும். முளைகட்டிய பயறு ஈரத்திலும் வெதுவெதுப்பிலும் வளர்வதால் கிருமிக்கும் அதுவே நல்ல விளைநிலம். 2011-இல் ஜெர்மனியில் வெந்தய முளைகள் வழியே பரவிய ஈ.கோலையால் ஏறக்குறைய 4,000 பேர் நோயுற்றார்கள்; 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லாரித் தண்ணீரையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பியிருக்கும் நம் புறநகரில், பயறை ஐந்து நிமிடம் ஆவியில் வைப்பது கோழைத்தனம் ஆகாது.

பிறகு என்னதான் செய்வது? 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்–இண்டியாப் (INDIAB) ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று அதே ஆய்வு 2025-இல் சொன்னது. நம் குற்றவாளி அடுப்பு அல்ல. தட்டில் குவியும் வெள்ளைச் சோறும் மைதாவும் சீனியும். பச்சை உணவுக்காரர்கள் சரியாகப் பிடித்தது இதைத்தான், அதற்கான மரியாதை அவர்களுக்கு உண்டு. ஆகவே தட்டில் பாதியைக் காய்க்கும் கீரைக்கும் கொடுக்கலாம். அதில் வெள்ளரி, கேரட், கோஸ் பச்சையாகவே இருக்கட்டும், நன்றாகக் கழுவி. சோற்றைப் பாதியாக்கி, வேகவைத்த சுண்டல், பருப்பு, தயிர், விரும்புகிறவர்களுக்கு முட்டையோ மீனோ. அறுபதைக் கடந்தவர்கள் எடை இயந்திரத்தோடு நிறுத்தாமல் இடுப்பையும் அளக்கட்டும்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது எல்லை. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்று மாதம் ஒரு முறை பார்க்கட்டும். இடுப்பு சுருங்கி, எழுவதும் எளிதானால் குறைந்தது கொழுப்பு. அந்த உணவுமுறை நல்லது. எடை குறைந்து, எழுவது கடினமானால் போய்க்கொண்டிருப்பது தசை. எத்தனை இயற்கையான உணவானாலும் அதை அன்றே மாற்ற வேண்டும்.