கரும்பலகையில் ஒரு வானவில்

சென்ற மாசி மாதம், மக்காச்சோளம் விற்ற பணத்தில் அப்பா எனக்குப் புதுக் கண்ணாடி வாங்கித் தந்தார். இரு கண்களுக்கும் மைனஸ் ஆறு. "எடை குறைவு, விழுந்தாலும் உடையாது" என்று கடைக்காரர் கொடுத்தது பாலிகார்பனேட் வில்லை.

மறுநாள் வகுப்பில் கரும்பலகையின் ஓரத்தைக் கடைக்கண்ணால் பார்த்தேன். வெள்ளை எழுத்துகளுக்கு ஒருபுறம் நீலக்கரை, மறுபுறம் செங்கரை! நெஞ்சு திக்கென்றது. என் பாட்டி பார்வையை இழக்குமுன், விளக்கைச் சுற்றி வண்ண வட்டம் தெரிவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நமக்கும் அதுதானோ? இரண்டு வாரம் வீட்டில் வாய் திறக்கவில்லை.

அந்நிலையில்தான் துணைப்பாட இயற்பியல் செய்முறை வந்தது. நிறமாலைமானியில் முப்பட்டகத்தை வைத்துப் பாதரச விளக்கின் ஒளியைப் பார்த்தேன். ஒரே வெண்கோடு மஞ்சள், பச்சை, நீலம், ஊதா எனப் பிரிந்து நின்றது. கரும்பலகையில் நான் கண்ட கரை இதன் தம்பியல்லவா! பேராசிரியரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டே போய்ப் பார்" என்றார். கரை இல்லை. கண்ணாடியை மாட்டி, வில்லையின் நடுவழியாகப் பார்த்தேன். அப்போதும் இல்லை. ஓரத்தின் வழியாகப் பார்த்தபோது மட்டும் வந்தது.

வில்லையின் ஓரம் ஒரு சிறு முப்பட்டகம். நீல ஒளி சிவப்பைவிட அதிகமாக வளைகிறது. எந்தப் பொருள் எவ்வளவு பிரிக்கும் என்பதை ஆபே எண் சொல்லும். எண் குறைந்தால் பிரிவு அதிகம். சாதாரணப் பிளாஸ்டிக் வில்லைக்கு அது 58. என் பாலிகார்பனேட்டுக்கு 30தான். கணித மாணவனாகையால் கணக்கும் போட்டேன். மையத்திலிருந்து 1 செ.மீ. தள்ளிப் பார்த்தால், 5 மீட்டர் தொலைவிலுள்ள பலகையில் நீலமும் சிவப்பும் ஏறத்தாழ 1 செ.மீ. விலகும். எழுத்துக்குக் கரை கட்ட அது போதாதா?

நியூட்டனையே ஏமாற்றிய விஷயம் இது. வில்லையால் இக்குறையைத் தீர்க்கவே முடியாதென்று கருதி, அவர் 1668இல் ஆடி வைத்துத் தொலைநோக்கி செய்தார். ஆடியில் பட்டுத் திரும்பும் ஒளி நிறம் பிரிவதில்லை. நம் ஜவ்வாது மலையில், காவலூரில் 1986இல் திறக்கப்பட்ட பெரிய தொலைநோக்கிக்கும் கண் 2.3 மீட்டர் ஆடிதான். ஆனால் நியூட்டனின் முடிவு தவறு. குறைவாகப் பிரிக்கும் கிரவுன் கண்ணாடியில் குவிவில்லை, அதிகமாகப் பிரிக்கும் ஃபிளிண்ட் கண்ணாடியில் குழிவில்லை. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் பிரிவை மற்றது சரிக்கட்டும். குவிக்கும் திறனும் மிஞ்சும். லண்டன் டாலண்ட் 1758இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். மூக்கின்மேல் இரட்டை வில்லையைச் சுமக்க முடியாது என்பது வேறு கதை!

பேராசிரியர் வற்புறுத்தியதால் விருத்தாசலம் சென்று கண்ணையும் காட்டி வந்தேன். நோய் ஏதுமில்லை. அன்றிரவுதான் அப்பாவிடம் சொன்னேன். "வேற கண்ணாடி மாத்திக்கலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். இப்போதெல்லாம் கண்ணை உருட்டாமல் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். பக்கத்து இருக்கை நண்பன் எனக்கு 'வெள்ளாற்றுக் கொக்கு' என்று பெயர் வைத்திருக்கிறான்.