புத்தூர் வீடும் பழவேற்காட்டுக் கிளிஞ்சலும்

புத்தூர் என்னும் பெயருடைய ஊர்கள் தமிழர் வாழும் நிலத்தில் பல உண்டு. நாங்கள் சொல்லப் புகுவது, சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் இருப்புப்பாதையில், நகரி மலைக்கு அருகே உள்ள புத்தூர். கை கால் முறிந்தவர்களிடம் 'புத்தூர்க் கட்டு' என்றால் போதும். ஊர் எது என்று விளக்க வேண்டுவதில்லை. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, புத்தூர் ஆந்திரத்திலேயே தங்கிவிட்டது. இங்கே தமிழ் வீடுகளில் தெலுங்கும், தெலுங்கு வீடுகளில் தமிழும் தாராளமாக வந்து போகும். நாம் சுண்ணாம்பு என்பதை அவர்கள் 'சுன்னம்' என்பார்கள். கடைக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அவ்வூரில் எங்கள் பாட்டனார் கட்டிய வீடு ஒன்று இருக்கிறது. முன்பாதி ஓடு, பின்பாதி மச்சு. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய சுவர்கள். நாங்கள் மும்பையில் வாழ்கிறோம். தம்பி துபாயில் இருக்கிறார். கடைசியாகக் குடியிருந்தவர் காலி செய்து மூன்றாண்டு ஆயிற்று. அடுத்த தெருவில் வாழும் சின்னம்மா வெள்ளிக்கிழமைதோறும் திறந்து விளக்கேற்றிப் பூட்டி வருகிறார். சென்ற பங்குனியில் அவர் தொலைபேசியில், "சுவரெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கிறது, விற்பதானால் விற்றுவிடுங்கள், வைத்துக்கொள்வதானால் வந்து பாருங்கள்" என்று சொல்லிவிட்டார். தம்பியிடம் கேட்டோம். "நல்ல பெயிண்டாக வாங்கி அடித்துவிடுங்கள் அண்ணா. ஏழெட்டு ஆண்டுக்கு யாரும் போக வேண்டியிராது" என்றார். அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் 'யாரும் போக வேண்டியிராது' என்ற சொல் எங்கள் இருவர் நெஞ்சிலும் முள்ளாகத் தைத்தது. பள்ளி விடுமுறை தொடங்கியதும் மகளையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

மும்பையிலிருந்து வருவோர்க்கு வழி எளிது. 1871இல் ராய்ச்சூரில் இரு முனைகளும் கூடி, பம்பாயையும் சென்னையையும் இணைத்த பழைய பாதையே அது. இரேணிகுண்டாவில் இறங்கினால் புத்தூர் அருகில்தான். சித்திரை வெயிலைப் பற்றி எழுதி அன்பர்களை வாட்ட விரும்பவில்லை.

மேஸ்திரி வந்தார். எழுபதை நெருங்கியவர். முன்னறையைக் குடியிருந்தவர் தம் செலவில் பிளாஸ்டிக் எமல்ஷன் பூசி வைத்திருந்தார். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. மேஸ்திரி விரல் முட்டியால் ஓரிடத்தில் தட்டினார். அப்பளம் போல உப்பியிருந்த சாயம், சாந்தையும் சேர்த்துக்கொண்டு உதிர்ந்தது. "சாமி, இந்தச் சுவர் மூச்சு விடுகிற சுவர். தரையிலிருந்து ஈரம் ஏறும். வெயிலில் வெளியே போகும். இதற்குப் போய் ரப்பர் சட்டை போட்டால் எப்படி?" என்றார். பழைய சுண்ணாம்புச் சுவர்களுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்காது. அந்தப் பூச்சு முழுவதையும் சுரண்டி எடுத்தாலன்றி அதன்மேல் சுண்ணாம்பு பிடிக்காது என்றும் சொன்னார். மச்சுச் சுவர்களில் நாற்பது ஆண்டு வெள்ளை ஏடு ஏடாகப் படிந்திருந்தும் சாந்து உறுதியாக இருந்தது.

ஆகவே வெள்ளையடிப்பது என்று முடிவாயிற்று. கல்சுண்ணாம்பு ஊரிலேயே கிடைக்கும். சின்னம்மா மட்டும் ஒப்பவில்லை. தம் திருமணத்தின்போது இவ்வீட்டுக்குப் பழவேற்காட்டுக் கிளிஞ்சல் சுண்ணாம்பு வந்ததென்றும், அந்த வெண்மை கல்லுக்கு வாராது என்றும் சாதித்தார். முன்னறையைச் சுரண்டும் இரண்டு நாளும் வீட்டில் இருக்க இயலாது; தூசி கண்ணை மறைக்கும். கடலைக் கண்டிராத ஊரில் கோடையைக் கழிக்க வந்த மகளும் சின்னம்மா கட்சியில் சேர்ந்துகொண்டாள். வண்டி ஒன்று அமர்த்திக்கொண்டு பழவேற்காட்டுக்குப் புறப்பட்டோம்.

நாராயணவனம், நாகலாபுரம், சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை என்று வழி செல்கிறது. நாராயணவனம் பத்மாவதித் தாயாரின் பிறந்தகம் என்பது வழக்கு. சுருட்டப்பள்ளியில் சிவபெருமான் பள்ளிகொண்ட கோலத்தில் காட்சி தருகிறார். இக்கோலம் சிவாலயங்களில் காண்பதற்கு அரிது. இப்பக்கத்து ஓடைகள் ஆரணியாற்றில் சேர்கின்றன. ஆரணியாறு பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தையும் ஊத்துக்கோட்டையையும் கடந்து பழவேற்காட்டுக்கு அருகே சென்று முடிகிறது. நாங்கள் பார்த்தபோது ஆற்றில் மணல்தான் இருந்தது. ஆயினும் மலையில் பெய்த மழை செல்லும் வழியிலேயே நாங்களும் கடலுக்குச் செல்கிறோம் என்று மகளுக்குக் காட்ட அது போதுமாயிருந்தது.

பழவேற்காட்டு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும், ஊர் தமிழ்நாட்டிலும் உள்ளன. 1613இல் டச்சுக்காரர் இங்கே கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை அழிந்துவிட்டது, கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் வாயிலில் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். 'புத்தூர்க் கட்டு இவர்களுக்குக் கிடைக்கவில்லை போலும்' என்று எங்களில் ஒருவர் சொல்ல, சின்னம்மா கடிந்துகொண்டார்.

ஏரியடியில் காலங்காலமாகப் படிந்த கிளிஞ்சல்களை வாரிச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு செய்வது இவ்வட்டாரத்தின் பழந்தொழில். பக்கிங்காம் கால்வாயில் விறகும் சுண்ணாம்பும் ஏற்றிய படகுகள் சென்னைக்குச் சென்ற காலம் ஒன்று உண்டு. சலவைக்கல் போல மின்னிய பழைய சென்னை மாளிகைகளின் சுவர்ப்பூச்சு, கடற்கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பே. சிமெண்டு வந்தபின் இத்தொழில் ஒடுங்கிவிட்டது. விசாரித்து விசாரித்து, ஒரு சிறு வியாபாரியிடம் நான்கு மூட்டை பெற்றோம்.

மாலையில் ஏரிக்கு அப்புறம், கலங்கரை விளக்கம் நிற்கும் மணல்வெளிக்குச் சென்றோம். பூநாரைகளைக் காண மார்கழியில் வர வேண்டும். கோடையில் கொக்குகளும் ஆலாக்களும்தான். மீனவப் பெண்கள் இறாலும் நண்டும் கூடையில் வைத்திருந்தார்கள். மகள் அலையில் நின்று ஆடை முழுவதும் நனைந்தாள். மேற்கே நகரி மலையைத் தேடினோம். கோடைப் புழுதியில் தெரியவில்லை. 2,800 அடிக்கு மேல் உயர்ந்த 'நகரி மூக்கு' என்னும் அச்சிகரம், முன்னாளில் இக்கரையோரம் கப்பல் செலுத்தியவர்களுக்கு அடையாளமாக இருந்தது. நம் ஊருக்குக் கடல் தெரியாவிட்டாலும், கடலில் செல்வோர்க்கு நம் ஊர் மலை தெரிந்திருக்கிறது!

மறுநாள் புத்தூரில் தொட்டியில் நீர் ஊற்றிச் சுண்ணாம்பைத் தாளித்தார்கள். புகையும் கொதிப்புமாக அது பொங்கியதைக் கண்ட மகள் அடுப்பு எங்கே என்று தேடினாள். இந்த வேலையில் குழந்தைகளை எட்ட நிறுத்துவது நலம். ஒரு துளி கண்ணில் பட்டாலும் கேடு. வேலையாட்கள் கைகளில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டார்கள். இரண்டு நாள் ஊறியபின் துணியில் வடிகட்டி, கஞ்சியும் சிறிது உப்பும் துளி நீலமும் கலந்தார் மேஸ்திரி. கெட்டியாக இருந்தால் நன்கு பிடிக்கும் என்று நாம் எண்ணுகிறோம், அது பிழை. பால்போல் நீர்த்து, மூன்று கை அடிக்க வேண்டும். சுவரை முன்னதாக நனைக்க வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் வெந்து மாவாய் உதிரும். ஆகையால் விடியற்காலை மூன்று மணி நேரமும் மாலையில் இரண்டு மணி நேரமுமே வேலை.

தெருவில் விசைத்தறிகளின் ஓசையோடு மட்டையின் 'சளப் சளப்' ஓசையும் கலந்துகொண்டது. அடித்தவுடன் சுவர் வெறும் ஈரமாகத்தான் தோன்றும். மகள் முகம் வாடிப்போயிற்று. "பாப்பா, பல் தேய்த்துவிட்டு வந்து பார்" என்றார் மேஸ்திரி. அவள் திரும்பி வருவதற்குள் சுவர் வெளுத்துக்கொண்டிருந்தது. சூளையில் கிளிஞ்சல் இழந்த கரியமிலவாயுவைச் சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்பப் பெற்று, மீண்டும் கிளிஞ்சலின் பொருளாகவே இறுகுகிறது. இதை நாங்கள் மகளுக்குச் சொன்னோம். அவள் சுவரில் காதை வைத்துக் கடலோசை கேட்கிறதா என்று பார்த்தாள்.

மச்சின் மேல்தளத்துக்கும் வெள்ளையடித்தோம். அன்றிரவே கீழறையில் வெக்கை தணிந்தது தெரிந்தது. திண்ணைக்குக் காவிப்பட்டை இட்டதும் வீட்டுக்குப் பழைய முகம் வந்துவிட்டது. பிறகு பத்து நாள் நாங்கள் ஒரு வேலையும் செய்யவில்லை. பங்கனப்பள்ளி மாம்பழம் கூடைக் கணக்கில் வந்தது. இரவில் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தோம். மூன்றாண்டு எட்டிப் பாராத அண்டை வீட்டார், வெள்ளையைப் பார்க்கும் சாக்கில் வந்து, காப்பி குடித்து, எங்கள் பாட்டனாரைப் பற்றி நாங்கள் கேட்டிராத செய்திகளைச் சொல்லிப் போனார்கள்.

தம்பிக்குப் படங்கள் அனுப்பினோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "இது எத்தனை நாள் தாங்கும்?" என்பதுதான். மழை படும் சுவருக்கு ஓராண்டு, உள்ளே இரண்டாண்டு என்றோம். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "கொல்லைச் சுவர் படத்தில் இல்லையே?" என்றார். அதற்குச் சுண்ணாம்பு இருக்கிறது, நாள்தான் இல்லை என்று சொன்னோம். "அடுத்த சித்திரையில் எனக்கு விடுப்பு உண்டு" என்றார்.

மிஞ்சிய சுண்ணாம்பு நீருக்கடியில் எத்தனை காலம் கிடந்தாலும் கெடாது. ஊற ஊற வெண்ணெய் போலாகும். அதை ஒரு பெரிய மண்சாடியில் இட்டு, மேலே நான்கு விரற்கடை நீர் நிற்க ஊற்றிக் கொல்லை நிழலில் வைத்து மூடினோம். வெள்ளிக்கிழமை விளக்கேற்ற வரும்போது நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதாகச் சின்னம்மா சொல்லியிருக்கிறார்.