போல்வாரா

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடபகுதியில் 'பிக் ஸ்க்ரப்' என்னும் மழைக்காடு ஏறத்தாழ 75,000 ஹெக்டேர் பரந்திருந்தது. குடியேறிய வெள்ளையர் அதை வெட்டிச் சாய்த்துப் பண்ணைகளாக்கினர். இன்று நூற்றில் ஒரு பங்கே எஞ்சியுள்ளது. அக்கிழக்குக் கரையின் மழைக்காட்டு நிழலில் வளரும் செடியே போல்வாரா. 1814இல் இராபர்ட் பிரவுன் இதற்கு அறிவியற் பெயர் சூட்டினார்.

குடியேறியோர் இதனைக் கொய்யா என்றழைத்தது பொருந்தாப் பெயரே. நம் சீத்தாவுக்கே இது நெருங்கிய உறவு. கிண்ணம் போன்ற பச்சைக் கனி. உள்ளே விதை மிகுந்த, இனித்து மணக்கும் கூழ். நறுமணப் பொருளாகவும் சமையலில் சேர்ப்பர்.

பூவுக்கு இதழ்களே இல்லை. குல்லாய் போன்ற மூடி கழன்று விழுந்ததும் வெண்ணிறக் கேசரங்கள் விரியும். மணம் நாடி வருவது தேனீயன்று, சின்னஞ்சிறு கூன்வண்டு. அப்பூவையே தின்று, அதிலேயே இனம் பெருக்கி, மகரந்தத்தையும் அதுவே சுமக்கிறது. அழிந்த காட்டில் கன்றுகளை நட்டு வளர்ப்போர் அங்கே உளர். அவ்வண்டும் வந்து சேர்ந்தாலன்றி நட்ட செடி காய்க்காது.