அணை போச்சு... மீன் வந்தாச்சு!

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்துப் போர்ட் ஏஞ்சலஸ் ஊருக்குப் பக்கத்தில் எல்வா என்று ஒரு ஆறு. நீளம் 45 மைல்தான். கணக்கு வழக்கு மட்டும் ரொம்பப் பெரிசு!

சால்மன் மீன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும். பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்புகிற நம்மாட்கள் மாதிரி. ரிசர்வேஷன் கிடையாது, எதிர்நீச்சல்தான்!

1913-ல் குறுக்கே அணை வந்தது. மீன் ஏற வழி விடணும் என்று மாநிலச் சட்டமே இருந்தது. விடவில்லை. 1927-ல் மேலே இன்னொரு அணை. கரன்ட் வந்தது, மீன் போச்சு. க்ளாலம் பழங்குடியினரிடம் 1855-லேயே எழுதிக் கொடுத்த மீன்பிடி உரிமை இருந்தது. பத்திரம் கையில்; ஆற்றில் மீனைக் காணோம்!

2011-ல் உடைக்க ஆரம்பித்து, 2014-ல் இரண்டு அணையும் காலி. தேங்கிக் கிடந்த மணல் இறங்கி, முகத்துவாரத்தில் புதுக் கடற்கரையே முளைத்தது. வற்றிய ஏரிப்படுகையில் செடி நட்டார்கள். ஆற்றில் வேண்டுமென்றே பெரிய மரங்களை அடுக்கினார்கள். வேகம் தணியும், குஞ்சுகள் ஒதுங்கலாம். மேலே மாட்டிக்கொண்டிருந்த ரெயின்போ ட்ரௌட்டின் வாரிசுகள் கடலுக்குப் போய், ஸ்டீல்ஹெட்டாகத் திரும்பின.

மேல் அணை இருந்த இடத்தைப் பார்க்கணுமா? நடராஜா சர்வீஸ்தான். ரோட்டை ஆறே அரித்துவிட்டது. பழிக்குப் பழி!

2011 முதல் மீன்பிடிக்கத் தடை. 2023 அக்டோபரில் க்ளாலம் மக்கள், தங்கள் தேவைக்கு மட்டும், கோஹோ சால்மன் பிடித்தார்கள். வட்டியை விடுங்க சார்... அசலில் கொஞ்சம் வந்திருக்கே!